பித்தப்பைக் கல்லும் கைமருந்தும்: ஒரு வரலாற்று நோக்கு

மீன் அரியும் தாய்மார் அனைவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. குடலை நீக்கும்போது ஈரலை ஒட்டிக் கிடக்கும் பச்சை நிறச் சிறு பையை உடைத்துவிடலாகாது. உடைந்தால் கறி முழுதும் கசந்து போகும். கோழி அறுப்போரும் அவ்வாறே எச்சரிக்கையுடன் அதனைக் களைந்தெறிவர். அதுவே பித்தப்பை. மனிதனுக்கும் அத்தகைய பை ஒன்று, வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே, ஈரலின் அடிப்புறத்தில் அமைந்துள்ளது. பேரிக்காய் வடிவினது, 30 முதல் 50 மில்லி லிட்டர் வரை நீர் கொள்வது. ஈரல் இடையறாது சுரக்கும் பித்தநீரை வாங்கிச் சுண்டச் செய்து, உணவு வரும் வேளையில் குடலுக்குள் பாய்ச்சுவது அதன் தொழில்.

உறுப்போ சிறிது. அதனைப் பற்றி மனிதன் கொண்ட எண்ணங்களின் வரலாறோ பெரிது. அவ்வரலாற்றை அறிவதால் இன்று பயன் என்னவெனின், பித்தப்பையில் கல் உள்ளதென்று மருத்துவர் சொன்ன மறுநாளே, "அறுவை வேண்டாம், இதைக் குடித்தால் கரைந்துவிடும்" என்று கூறும் குரல்கள் நான்கு திசையினின்றும் எழுகின்றன. அவற்றுள் சில உண்மை; சில அரை உண்மை; சில உயிருக்கே ஊறு விளைப்பன. எது எதுவெனப் பிரித்தறிய, அந்நம்பிக்கைகள் பிறந்த இடத்தைத் தேடிச் செல்வதே நேரிய வழியாகும்.

மூன்றும் நான்கும்

முதற்கண் சொல்லை நோக்குவோம். பித்தம், பித்து, பித்தன், பித்தவெடிப்பு, பித்தநரை என்று ஒரு சொற்குடும்பமே தமிழில் வழங்குகின்றது. அறிவு திரிந்தவனைப் பித்தன் என்கின்றோம். சுந்தரரோ தம் முதற் பதிகத்தை இறைவனைப் பித்தன் என விளித்தே தொடங்கினார். கிரேக்கரிடத்தும் இதே போக்கைக் காணலாம். அவர் மொழியில் 'கோலே' என்பது பித்தம்; 'மெலாஸ்' என்பது கருமை. இரண்டும் கூடி 'மெலங்கோலியா', அதாவது கரும்பித்தம், என்றாகி மனச்சோர்வைக் குறிக்கும் சொல்லாயிற்று. மலாய் மொழியில் பித்தம் 'ஹெம்பெடு' எனப்படும். நாம் நிலவேம்பு என்று சொல்லும் செடியை மலாய்க்காரர் 'ஹெம்பெடு பூமி', அதாவது மண்ணின் பித்தம், என்பர். கசப்பே அப்பெயருக்குக் காரணம்.

தமிழ் மருத்துவம் உடலை நடத்தும் ஆற்றல்கள் மூன்று எனக் கொண்டது. அவை வளி, அழல், ஐயம்; வேறு சொற்களில் வாதம், பித்தம், கபம். கிரேக்க நாட்டில் இப்போக்கிரட்டீசு வழியினர் கி. மு. 5-ம் நூற்றாண்டை ஒட்டிக் குருதி, சளி, மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்களைக் கூறினர். கி. பி. 2-ம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் அதனை விரித்துரைத்தார். பின்னர் இப்னு சீனா (980-1037) போன்ற இசுலாமிய மேதைகள் வாயிலாக அது யுனானி மருத்துவமாக வளர்ந்து இந்தியாவிலும் வேரூன்றியது.

இங்கே ஆசிரியர்கள் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்றுண்டு. சித்த மருத்துவர் பித்தம் என்று கூறுவது ஈரலில் ஊறும் கசப்பு நீரை மட்டும் அன்று. அனற்பித்தம், இரஞ்சகப் பித்தம், சாதகப் பித்தம், ஆலோசகப் பித்தம், பிராசகப் பித்தம் என அவர் ஐவகை கூறுவர். செரிமானம், குருதியின் நிறம், எண்ணியதை முடிக்கும் ஆற்றல், கண்ணொளி, தோலின் பொலிவு ஆகியன அவற்றின் செயல்கள். ஆகவே, "இஞ்சிச் சாறு பித்தத்தைத் தணிக்கும்" என்ற முதுமொழியைக் கேட்டு, இஞ்சிச் சாறு பித்தப்பைக் கல்லைக் கரைக்கும் என முடிவு கட்டுவது பெரும்பிழை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இன்றைய குழப்பத்தில் பாதி இச்சொல்லிலிருந்தே பிறந்ததாகும்.

கல்லைக் கண்டவர்

பித்தப்பையில் கல் தோன்றுவது புதிய நோய் அன்று. பழைய எகிப்தில் ஆமென் தெய்வத்தின் கோயிற் பெண்பூசாரி ஒருத்தியின் பதப்படுத்திய உடலில் பித்தப்பையும் கற்களும் அப்படியே இருக்கக் கண்டனர். லண்டன் அறுவை மருத்துவர் கல்லூரியில் காக்கப்பட்ட அவ்வரும்பொருள் இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் அழிந்தது.

ஆயினும், கல்லுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நெடுங்காலம் புலப்படவில்லை. இத்தாலி நாட்டுப் பதுவா நகரில் 1341-ல் செந்தீலே தா ஃபொலீனோ என்ற மருத்துவர் இறந்த உடலொன்றை அறுத்து ஆய்ந்தபோது பித்தப்பையில் கல்லைக் கண்டார். பிளாரன்சு நகர மருத்துவர் அந்தோனியோ பெனிவியேனி தாம் கண்ட நோயாளிகளின் வரலாறுகளை எழுதி வைத்தார். அவர் 1502-ல் மறைந்தார். 1507-ல் அவருடைய நூல் வெளிவந்தது. பித்தப்பைக் கல்லால் வருந்தி இறந்தவரைப் பற்றிய குறிப்பு அதில் உள்ளது. 1761-ல் மோர்காஞ்ஞி என்பார், உயிரோடிருந்தபோது தோன்றிய நோய்க்குறிகளையும் இறந்தபின் உறுப்புகளில் தென்பட்ட மாற்றங்களையும் இணைத்துப் பெருநூல் யாத்தார். நோய் என்பது எங்கும் பரவிய நீரின் கேடு அன்று, ஓர் உறுப்பில் நிகழும் கேடு என்ற எண்ணம் அதன் பின்னரே வலுப்பெற்றது.

கல்லின் உட்பொருள்

உறுப்பைக் கண்டபின் கல்லின் உட்பொருளை ஆராயும் ஆவல் எழுந்தது. பிரெஞ்சு நாட்டவரான புலெத்தியே தெ லா சால் 1769-ஐ ஒட்டிப் பித்தக்கல்லிலிருந்து வெண்ணிறப் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். 1816-ல் ஷெவ்ரெல் அதற்கு 'கொலஸ்டிரின்' எனப் பெயரிட்டார். கோலே என்றால் பித்தம். 'ஸ்டீரியோஸ்' என்றால் திண்மை. திண்ணிய பித்தம் என்பதே அதன் பொருள். இன்று நெஞ்சுநோய் என்றதும் நினைவுக்கு வரும் கொலஸ்டிரால் என்னும் பெயர், முதலில் பித்தப்பைக் கல்லுக்கு இட்ட பெயரேயாகும்.

பித்தநீரின் அமிலங்களை ஆராய்ந்த செர்மானியர் ஐன்ரிக் வீலந்து 1927-ம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். அடுத்த ஆண்டுக்குரிய பரிசு கொலஸ்டிராலின் இனப்பொருள்களை ஆராய்ந்த அடால்ப் விந்தவுசுக்குக் கிடைத்தது. 1928-ல் சிக்காகோவில் ஐவி, ஓல்டுபெர்க் என்ற இருவர் வேறொரு புதிரை விடுவித்தனர். கொழுப்புணவு சிறுகுடலை அடைந்ததும் ஒருவகை இயக்குநீர் குருதியிற் கலக்கின்றது. அது பித்தப்பையைச் சுருங்கச் செய்கின்றது. நெய்ச்சோறும் பொரித்த கறியும் உண்ட இரவில் கல் உள்ளவருக்கு வலி எழுவதன் காரணம் இதுவே. பை சுருங்குகின்றது, கல் வாயிலை அடைக்கின்றது, வலி தோன்றுகின்றது.

கல் எவ்வாறு பிறக்கின்றது என்பதை 1968-ல் அமெரிக்காவில் அட்மிராண்ட், சுமால் என்ற அறிஞர்கள் தெளிவுபடுத்தினர். கொலஸ்டிரால் தண்ணீரில் கரையாது. பித்த உப்பும் லெசித்தின் என்ற பொருளும் அதனைத் தாங்கிக் கரைத்து வைத்துள்ளன. இம்மூன்றின் அளவு பிறழ்ந்து, தாங்குவன குறைந்து தாங்கப்படுவது மிகுந்தால், காய்ச்சிய பாகிற் சர்க்கரை மணிகட்டுவது போலக் கொலஸ்டிரால் மணிகட்டத் தொடங்கும். பை நன்கு சுருங்கி வெளியேற்றாமல் தேங்கிக் கிடந்தால் அம்மணிகள் திரண்டு கல்லாகும். பித்தநீருக்கு நிறம் தரும் பொருளும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் நிறமிக் கல் என்ற வேறு வகையும் உண்டு. இவ்விரு வகைகளையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது. ஏனெனில், ஒன்றைக் கரைக்கும் மருந்து மற்றொன்றைக் கரைக்காது.

மாட்டின் கல்லும் கரடியின் பித்தும்

கல் நோயாக அறியப்படுமுன்னரே மருந்தாக மதிக்கப்பட்டது என்பது வியப்புக்குரிய செய்தி. நம் பாட்டிமார் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலில் இழைத்துக் கொடுத்த கோரோசனை வேறொன்றன்று. மாட்டின் பித்தப்பையில் தோன்றும் கல்லேயாகும். அதன் மஞ்சள் வண்ணம் கருதித் திலகமிடவும் பயன்படுத்தினர். சீனர் அதனை 'நியூஹுவாங்', அதாவது மாட்டு மஞ்சள், என்பர். இந்நாட்டுச் சீன மருந்துக் கடைகளில் விற்கப்படும் புகழ்பெற்ற உருண்டை மருந்துகளில் அது சேர்கின்றது. எல்லா மாட்டிலும் கிடைப்பதில்லையாதலின் அதன் விலை மிக உயர்ந்தது.

கரடியின் பித்தப்பையைப் பற்றிய குறிப்பு சீனத் தாங்கு அரச மரபின் காலத்தில், கி. பி. 659-ல், அரசாணையால் தொகுக்கப்பட்ட மருந்து நூலில் உள்ளது. ஈரல் நோய்க்கும் கண்ணோய்க்கும் அதனை வழங்கினர். 1902-ல் சுவீடன் நாட்டு ஆமர்ஸ்டன் துருவக் கரடியின் பித்தத்தில் புதிய அமிலமொன்று இருப்பதை உணர்ந்தார். 1927-ல் சப்பானியரான ஷோதா கரடிப் பித்தத்திலிருந்து அதனைத் தூய நிலையிற் பிரித்தார். உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்பது அதன் பெயர். 'உர்சுஸ்' என்பது இலத்தீனில் கரடி. 1950-களில் சப்பானியர் அதனைச் செயற்கை முறையில் ஆக்கினர். 1972-ல் அமெரிக்காவின் மாயோ மருத்துவமனை ஆய்வாளர், இதன் உடன்பிறப்பான வேறோர் அமிலம் கொலஸ்டிரால் கற்களைக் கரைப்பதாக அறிவித்தனர். 1970-களிலேயே சப்பானியர் உர்சோ அமிலமும் அதே செயலைப் புரிவதைக் காட்டினர்.

ஆகவே, மருந்தால் கல் கரையும் என்பது முற்றிலும் கட்டுக்கதை அன்று. ஆயின் அதற்கு எல்லை உண்டு. கல் கொலஸ்டிராலால் ஆனதாக, சிறியதாக, சுண்ணாம்பு ஏறாததாக இருத்தல் வேண்டும். பை சுருங்கும் திறம் இழந்திருத்தல் கூடாது. ஆறு மாதம் முதல் ஈராண்டு வரை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். அவ்வாறு கரைந்தவருள்ளும் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு ஐந்தாண்டுக்குள் கல் மீண்டும் தோன்றுகின்றது.

இவ்வமிலத்தை இன்று மாட்டுப் பித்தத்திலிருந்தே செய்கின்றனர். அப்படியிருந்தும் கரடிப் பித்தை நாடுவோர் உளர். மலேசியக் காடுகளில் வாழும் சூரியக் கரடி அதன் பித்தப்பைக்காக வேட்டையாடப்பட்டு அருகி வந்துள்ளது. சபாவில் 1997-ம் ஆண்டுச் சட்டமும் தீபகற்பத்தில் 2010-ம் ஆண்டுச் சட்டமும் அதற்கு முழுப் பாதுகாப்பு வழங்கியுள்ளன. தாயிழந்த கரடிகளைப் பேணும் நிலையமொன்று 2008-ல் சபாவின் செப்பிலோக்கில் நிறுவப்பட்டது. பழைய மருந்தின் சாரத்தை அறிவியல் வெளிக்கொணர்ந்து மாற்றுவழி காட்டிய பின்னரும் விலங்கைக் கொல்வது அறமும் அன்று, மருத்துவமும் அன்று.

மஞ்சளின் கதை

பித்தம் மஞ்சள்; காமாலை மஞ்சள்; எனவே மஞ்சள் நிறச் செடியே அதற்கு மருந்து என்ற எண்ணம் பல நாடுகளில் எழுந்தது. இறைவன் ஒவ்வொரு மூலிகையிலும் அதன் பயனைக் காட்டும் அடையாளத்தைப் பொறித்துள்ளான் என ஐரோப்பியர் நம்பினர். மஞ்சட்பால் வடியும் செலண்டைன் என்ற செடியை அவர் ஈரலுக்கும் பித்தத்துக்கும் கொடுத்தனர். 1999-ல் செர்மானிய மருத்துவர், அம்மூலிகை மருந்தை உட்கொண்ட பத்துப்பேருக்கு ஈரல் அழற்சி உண்டானதை எடுத்துக் காட்டினர். அடையாளத்தை மட்டும் நம்பியதன் விளைவு அது.

நம் மஞ்சளின் கதை வேறு. மலாக்கா நீரிணையின் அக்கரையில், மேடான் நகரிலுள்ள வட சுமத்திரா பல்கலைக் கழகத்தைச் சார்ந்த ரஷீத், லெலோ என்ற ஆய்வாளர் 1999-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல்நலம் உடைய 12 பேருக்கு மஞ்சளின் சாரமாகிய குர்குமின் 20 மில்லிகிராம் அளித்து, ஒலியலைக் கருவியால் பித்தப்பையை அளந்தனர். இரண்டு மணி நேரத்துக்குள் பையின் கொள்ளளவு ஏறத்தாழ நூற்றுக்கு 30 பங்கு குறைந்தது. மஞ்சள் பித்தப்பையைச் சுருங்கச் செய்கின்றது என்பது இதனால் விளங்கிற்று. எலிகளைக் கொண்டு நடத்திய ஆய்வுகளில் குர்குமின் கொலஸ்டிரால் கல் உண்டாவதைக் குறைத்ததையும் இந்திய ஆய்வாளர் கண்டனர்.

இதிலிருந்து இரு முடிபுகள் எழுகின்றன. கல் இல்லாதவருக்குப் பை அவ்வப்போது சுருங்கித் தேக்கம் நீங்குவது நன்மை. கல் உள்ளவருக்கோ அதே சுருக்கம் கல்லை வாயிலில் தள்ளி வலியை வரவழைக்கலாம். இதனாலன்றோ செர்மானிய அரசின் மூலிகைக் குழு, பித்தநாளம் அடைபட்டவர் மஞ்சளை மருந்தாக உட்கொள்ளலாகாது எனவும், கல் உள்ளவர் மருத்துவரைக் கேட்டே உட்கொள்ளல் வேண்டுமெனவும் விதித்தது! குழம்பில் இடும் மஞ்சளைப் பற்றியது அன்று இவ்வெச்சரிக்கை. சாரமாக்கிக் குளிகையில் அடைத்து விற்பதைப் பற்றியது. அத்தகைய குளிகைகளை உண்டோர் சிலருக்கு ஈரல் நோய் கண்டதை 2019-ல் இத்தாலிய அரசு அறிவித்ததும் நினைவிற்குரியது.

கீழாநெல்லியையும் இங்கே எண்ணுதல் வேண்டும். 1988-ல் சென்னை ஆய்வாளர் தியாகராஜனும் அவர்தம் குழுவினரும் ஈரல் அழற்சிக் கிருமியை உடலிற் சுமந்திருந்த 37 பேருக்கு அதனைக் கொடுத்ததில், 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்ததாக 'லான்செட்' இதழில் எழுதினர். உலகின் கவனம் கீழாநெல்லியின் மேல் திரும்பிற்று. பின்னர்ப் பிற நாடுகளில் நடந்த ஆய்வுகள் அம்முடிபை உறுதி செய்யவில்லை. அது எவ்வாறாயினும் ஒன்று தெளிவு: காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அன்று, பல நோய்களின் அறிகுறி. கிருமியால் வருவது ஒன்று; கல் நாளத்தை அடைப்பதால் வருவது மற்றொன்று. முன்னது பெரும்பாலும் தானே தணியும். பின்னது அடைப்பு நீங்காதவரை தணியாது. கண் மஞ்சளிப்பதை மட்டும் கண்டு இரண்டுக்கும் ஒரே பச்சிலையைக் கொடுப்பது, பூட்டு எதுவெனப் பாராமல் ஒரே சாவியைத் திருப்புவது போன்றதாகும்.

கத்தியின் வருகை

மருந்தும் வெந்நீரூற்றும் பயன் தராதபோது பண்டை மருத்துவர் செய்வதற்கு ஒன்றும் இருந்ததில்லை. 1867-ல் அமெரிக்காவின் இந்தியானாபொலிசில் பாப்சு என்ற மருத்துவர் ஒரு பெண்ணின் வயிற்றைத் திறந்து பித்தப்பையிலிருந்து கற்களை எடுத்தார். பை மட்டும் உள்ளேயே விடப்பட்டது. ஆயின், கல்லை எடுத்தாலும் பை இருக்குமளவும் புதிய கல் தோன்றுமே என்று எண்ணியவர் பெர்லின் நகரத்துக் காரல் லாங்கன்புக். குதிரைக்கும் யானைக்கும் பித்தப்பை இல்லை. அவை நன்கு வாழ்கின்றன. குதிரைக்கும் மானுக்கும் அப்பை இல்லை என்பதை அரிசுட்டாட்டிலே குறித்து வைத்துள்ளார். அங்ஙனமாயின் மனிதனும் அஃதின்றி வாழலாமன்றோ? பல்லாண்டு பிணங்களில் பயின்றபின், 1882 சூலை 15-ம் நாள், 16 ஆண்டுகள் வலியால் துடித்த 43 வயதுடைய ஒருவருக்கு அவர் பித்தப்பையையே அகற்றினார். நோயாளி நலமுற்று வீடு திரும்பினார்.

1924-ல் கிரகாம், கோல் என்போர் எக்ஸ்-ரே படத்தில் பித்தப்பை தெரியும் வழியைக் கண்டனர். 1970-களில் ஒலியலைக் கருவி வந்து, வலியின்றிச் சில நிமிடங்களில் கல்லைக் காட்டலாயிற்று. 1985-ல் செர்மானியரான மியூஏ, வயிற்றில் சிறு துளைகளிட்டுக் குழாய்க் கருவிகளால் பையை எடுத்தார். முதலில் எள்ளப்பட்ட அம்முறையே இன்று உலகெங்கும் வழக்காயிற்று. பல வாரம் படுத்திருந்த நிலை மாறி, ஓரிரு நாளில் வீடு திரும்பும் நிலை வந்தது.

எண்ணெயும் எலுமிச்சையும்

இனி, கைமருந்துகள் புகழ் பெற்றது எவ்வாறென்று காண்போம். ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து இரவிற் குடித்தால் மறுநாள் கற்கள் வெளியேறும் என்பது உலகெங்கும் பரவிய முறை. குடித்தவர் மலத்தில் பசுமையான உருண்டைகளைத் தம் கண்ணாலேயே காண்கின்றனர். கண்டதை எங்ஙனம் மறுப்பது? நியூசிலாந்தில் அவ்வாறு ஒரு பெண் கொண்டு வந்த உருண்டைகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, 2005-ல் 'லான்செட்' இதழில் முடிபை வெளியிட்டனர். அவற்றில் கொலஸ்டிராலும் இல்லை, பித்தநிறமும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. குடித்த எண்ணெய் குடலில் செரித்துச் சாற்றிலுள்ள உப்புடன் கூடிச் சவர்க்காரக் கட்டியாக மாறியிருந்தது. கல் உள்ளேயே இருக்க, எண்ணெய் கல்லுருக் கொண்டு வெளியே வந்தது! மேலும், ஒரே மூச்சில் குடிக்கும் அத்துணை எண்ணெய் பையை வலிந்து சுருக்கும். சிறு கல் நாளத்தில் இறங்கிச் சிக்கிக்கொள்ளவும் கூடும்.

வேறொரு காரணமும் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக் கழகத்தில், வலி ஏதுமின்றிக் கல் மட்டும் இருப்பதாகத் தெரிந்த 123 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து கண்காணித்தனர். 1982-ல் வெளியான அவ்வாய்வின்படி, 20 ஆண்டுகளில் நூற்றுக்கு 18 பேருக்கே வலி தோன்றியது. ஏனையோர் எம்மருந்துமின்றி நலமாகவே வாழ்ந்தனர். அவர்களுக்கு நாள்தோறும் ஏதேனும் ஒரு கசாயம் கொடுத்திருந்தால் புகழெல்லாம் கசாயத்துக்கே சேர்ந்திருக்கும். வலி வந்தவருக்கும், கல் வாயிலைவிட்டு விலகியதும் சில மணி நேரத்தில் அது தானே நின்றுவிடும். நிற்கும் நேரத்தில் எதைக் குடித்தோமோ அதுவே மருந்தாகிவிடுகின்றது. கைமருந்து சொல்வோர் பலரும் பொய்யர் அல்லர். நடந்ததைக் கண்டு, காரணத்தைத் தவறாகக் கொண்டவர்கள்.

வலி இல்லாத கல்லுக்கு அறுவை பெரும்பாலும் வேண்டுவதில்லை என்பது இதே ஆய்வின் மறுபுறம். கல் உண்டென்று கேட்டவுடன் அஞ்சுவதும் வேண்டா.

உணவு ஆற்றும் உதவி

அப்படியாயின் உணவால் பயனே இல்லையோ எனின், உண்டு. மிகப் பெரிதும் உண்டு. ஆயின் அது கல்லைக் கரைப்பதில் அன்று, கல் தோன்றாமற் காப்பதிலும் வலியைக் குறைப்பதிலும் உள்ளது. 1968-ல் இந்திய இரயில்வே ஊழியரை ஆராய்ந்த மல்கோத்ரா என்ற மருத்துவர், வடநாட்டாரிடையே பித்தக்கல் தென்னாட்டாரைவிட ஏழு மடங்கு மிகுதி எனக் கண்டு, உணவு வேறுபாட்டைக் காரணமாகக் கூறினார். சப்பானில் போருக்குப்பின் உணவு மேலைமுறைக்கு மாறியபோது, நிறமிக் கல் குறைந்து கொலஸ்டிரால் கல் பெருகிற்று. குலமும் காரணமாதல் உண்டு. அரிசோனாவில் வாழும் பீமா பழங்குடிப் பெண்களில் பெரும்பாலோருக்குக் கல் இருப்பது 1970-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. பெண்மை, மகப்பேறு, வயது, உடற்பருமன், நீரிழிவு ஆகியனவும் கல்லுக்குத் துணை செய்வன.

பட்டினி நன்மை செய்யுமெனப் பலர் எண்ணுவர். பித்தப்பையைப் பொறுத்தவரை அது தவறு. நீண்ட நேரம் உண்ணாதிருந்தால் பை சுருங்குவதில்லை. பித்தநீர் தேங்கிக் குழம்பாகின்றது. விடியுமுன் வெறும் கோப்பியைக் குடித்து வேலைக்குச் சென்று, நண்பகல் வரை வயிற்றைக் காயவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது கைவிடத் தக்கது. உடலை மெலிவிக்க எண்ணி எண்ணெயை அறவே நீக்கி, வாரத்துக்கு 1½ கிலோவுக்கு மேல் எடை குறைப்போருக்குக் கல் தோன்றும் வாய்ப்பு மிகுகின்றது. பருமன் குறைதல் நன்று; விரைந்து குறைதல் தீது.

கோப்பியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஏறத்தாழ 46,000 அமெரிக்க ஆடவரைப் பத்தாண்டுகள் தொடர்ந்து கண்ட ஆய்வு 1999-ல் வெளிவந்தது. நாள்தோறும் இரண்டு மூன்று கோப்பை கோப்பி அருந்தியோரிடையே பித்தக்கல் நோய் நூற்றுக்கு 40 பங்கு குறைவாக இருந்தது. கச்சான் முதலிய கொட்டைகளை அடிக்கடி உண்டோரிடையேயும் அந்நோய் குறைவென 2004-ல் கண்டனர். எனினும் கோப்பியும் பையைச் சுருக்குவதே. முன்னரே கல் இருந்து வலி காண்போர் தம் உடலுக்கு ஏற்குமா எனப் பார்த்தே அருந்த வேண்டும்.

ஆகவே வேளை தவறாத உணவு, கீரை, பருப்பு, காய், பழம், தீட்டாத தானியம், அளவான எண்ணெய், குறைந்த இனிப்பு, நாளும் நடை. கல்லுள்ளவர் பொரித்ததையும் தேங்காய்ப்பால் மிகுந்த கறிகளையும் ஒரே வேளையில் வயிறு நிறைய உண்ணாமை வேண்டும். இவையே ஆய்வுகள் காட்டும் நெறி. விலை கொடுத்து வாங்க வேண்டிய அரிய பொருள் ஒன்றும் இப்பட்டியலில் இல்லை.

எல்லைக் கோடு

உணவும் கைமருந்தும் நிற்க வேண்டிய எல்லை ஒன்றுண்டு. வலப்பக்க மேல்வயிற்று வலி சில மணி நேரத்தில் நில்லாமல் தொடர்தல், குளிர்காய்ச்சல், கண் மஞ்சளித்தல், சிறுநீர் தேயிலைச் சாயம்போற் கறுத்து மலம் வெளுத்தல், முதுகைத் துளைக்கும் வலியுடன் இடைவிடாத வாந்தி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நாளம் அடைபட்டுச் சீழ் கொண்டால், அல்லது கணையம் வீங்கினால், காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உயிருக்கு அறைகூவலாகும். கல்லால் இறப்போர் பெரும்பாலும் கல்லால் மட்டும் இறப்பதில்லை; காலத் தாழ்வாலும் இறக்கின்றனர்.

திருக்குறளில் 'மருந்து' என்னும் 95-ம் அதிகாரத்தை இவ்வரலாற்றோடு ஒப்புநோக்குதல் தகும். முதற்குறள் வளி முதலாகிய மூன்றைக் கூறுகின்றது. அடுத்த ஆறு குறள்களும் உணவைப் பற்றியன: முன்னுண்டது செரித்தபின், பசித்தபின், அளவறிந்து, உடலுக்கு மாறாகாததை உண்க என்பன. அதன் பின்னரே நோயின் காரணத்தை ஆராய்தலும், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை எண்ணிச் செய்தலும் வருகின்றன. இறுதிக் குறளில் நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நால்வகை உறுப்புகள் கூறப்படுகின்றன. அதிகாரம் முழுவதிலும் மூலிகை ஒன்றின் பெயரேனும் இல்லை.

அவ்வமைப்பிலேயே பாடம் இருக்கின்றது. நோய் வருமுன் காப்பது உணவு. வந்தபின் முதலில் தேட வேண்டுவது காரணம். மருந்து அதன் பின்னதே. காலம் என்பதை வள்ளுவர் தனியே எண்ணியிருப்பதையும் மறத்தலாகாது. பாட்டியின் கோரோசனையைப் பழிக்கவும் வேண்டா. மருத்துவரின் கத்தியைக் கண்டு ஓடவும் வேண்டா. எந்த நோய்க்கு, எந்த நேரத்தில், எது ஏற்றது என்று கேட்டறியும் பழக்கம் மாணவரிடத்து வேரூன்றுமாயின், அப்பிள்ளைகள் வழியே அது வீட்டுக்கும் செல்லும். அப்பணி வகுப்பறையிலேயே தொடங்கத் தக்கது.